குளத்துக்கு ஓர் ஏணி

நெஞ்சளவு தண்ணீரில் தினமும் கொஞ்ச நேரம் நடந்தால் மூட்டுவலி குறையும் என்று மனைவியிடம் டாக்டர் சொன்னதுதான் தாமதம், புருஷன்காரர் அளக்கும் நாடாவோடு வீட்டின் பின்புறத்தில் இறங்கிவிட்டார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவருக்கு ஒரு வேலை கிடைத்தால் கேட்கவா வேண்டும்!

பின்புறம் கையகல இடம். ஓரத்தில் சின்னதாக ஒரு நீச்சல் குளம், மிச்சத்தில் கல் பாவிய முற்றம் என்று திட்டம் போட்டார். வரைபடம் போட வந்த பெண் குளத்துக்குள் அகலமான படிகளை வரைந்திருந்தாள். படிகளுக்காகக் குளம் முற்றத்துக்குள் நீண்டிருந்தது.

"அப்ப நாற்காலி எங்கம்மா போடறது? என் மச்சான் வீட்டுல எட்டுப் பேர் தாராளமா உக்காரலாம்" என்றார்.

"படி வேணாம்னா செங்குத்தா ஏணிதான் சார். யாரு இறங்கப் போறாங்க?"

"நாங்க ரெண்டு பேர்தான். ஏணியே போதும்."

மனைவி அடுத்த அறையில்தான் துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஒரு குரல் கொடுத்திருக்கலாம். ஆனால், எல்லாம் முடிந்த பிறகு காட்டி அசத்த வேண்டும் என்று அவருக்கு ஆசை. மச்சான் வாயடைத்து நிற்பதைக்கூட மனதில் பார்த்துவிட்டார். வேலை நடந்த நாளெல்லாம் அவளைப் பின்பக்கம் அண்டவே விடவில்லை.

தண்ணீர் நிரம்பிய அன்று அவள் தானே கடைக்குப் போய் வாங்கிய நீச்சல் உடையில், வெட்கத்தோடு வந்தாள். ஏணியின் கம்பியைப் பிடித்துத் திரும்பி நின்று ஒரு காலை வைத்தாள். முழங்கால் மடங்கவில்லை. இன்னொரு தரம் பார்த்தாள். முகம் சுருங்கியது. காலை மேலே எடுத்துக்கொண்டாள்.

அவர் குளத்துக்குள் எட்டிப் பார்த்தார். கான்கிரீட் வார்த்து முடித்த குளத்துக்குள் இனிப் படி கட்டினால் நிற்கவே இடமிருக்காது.

"பரவால்லங்க. நீங்க இறங்குங்க, நான் பாக்கறேன்."

அவள் திட்டியிருந்தால் தேவலை. ஏணியைப் பிடித்து இறங்கினார். தண்ணீர் நெஞ்சுக்கு ஏறியதும் உடம்பின் பாரமே தெரியவில்லை. கால்கள் பஞ்சாகிவிட்டன. இந்தச் சுகம் அவளுக்கென்று வந்தது. நாற்காலிகளுக்காக அதைப் பறித்துவிட்டோமே என்று நொந்துகொண்டார்.

எட்டு நாற்காலிகளில் ஒன்றில் உட்கார்ந்து அவள் ஆவலாகக் கேட்டாள். "எப்படிங்க இருக்கு? மூட்டுக்கு லேசா இருக்கா?"

"ஒண்ணும் பிரமாதமில்ல. ஒரே குளிரு. உனக்கு ஒத்துக்காது" என்று சொல்லிவிட்டு முகத்தைத் தண்ணீருக்குள் முக்கி எடுத்தார்.

"கண்ணெல்லாம் செவந்துருச்சே. இருங்க, துண்டு கொண்டுவரேன்" என்று அவள் இரண்டு முழங்கால்களிலும் கையூன்றி எழுந்தாள்.