நினியனின் பங்கு நார்

மேடையில் பேசுகிறவனைக் கேள்வி கேட்டே நார்நாராகக் கிழிப்பதற்கு இங்கிலீஷ்காரர்கள் இன்றைக்கு 'ஹெக்கிள்' என்கிறார்களே, அது ஸ்காட்லாந்தில் டண்டீ ஊர்ப் பட்டறைச் சொல். பலகையில் நட்ட ஆணிச்சீப்பில் ஆளிச்செடி நாரை அடித்து இழுப்பதற்கு அங்கே அதுதான் பெயர். நார் சீவியவர்கள் கூட்டங்களுக்குப் போய் ஆட்களையும் சீவ ஆரம்பித்தார்கள். சொல்லும் கூடவே போயிற்று. படித்தவன் வேறு கதை சொன்னால் முதலில் அவன் கையைப் பாருங்கள். காய்ப்பு இருக்காது.

அந்தப் பட்டறையில் ஈபன் மூத்த கை. பெண்டாட்டி செத்தவன். வாசலில் பார்லிக் கஞ்சி விற்கும் விதவை எல்ஸ்பெத்தைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று அவனுக்கு வெகுநாள் ஆசை. ஊரையே கேள்வி கேட்கிற வாய், அவளிடம் மட்டும் கஞ்சி கேட்டதோடு நின்றுவிடும்.

இதற்குள் நினியன் வந்து சேர்ந்தான். எழுத்துக் கூட்டாமல் படிக்கத் தெரிந்தவன். பட்டறை வழக்கப்படி ஒருவன் உட்கார்ந்து செய்தித்தாள் வாசிப்பான்; மற்றவர்கள் அவன் பங்கு நாரையும் சேர்த்துச் சீவ வேண்டும். நினியன் வாசிக்க ஆரம்பித்தால் எல்ஸ்பெத் அகப்பையோடு கதவருகே வந்து நிற்பாள். அவள் நினியனைப் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டே அவன் நாரை ஈபன் சீவினான். இழுப்பு ஒவ்வொன்றும் வேகமாக விழுந்தது.

“மெதுவா இழுங்கண்ணே, அது நாரு. நினியன் தலைமுடி இல்ல,” என்றான் பக்கத்தில் நின்ற ஆடம்.

சீவுவதற்கு இயந்திரம் வரப்போகிறது என்று பேச்சு கிளம்பியது. அதை எதிர்த்துப் பேச நினியனை மேடையேற்றினார்கள். சனிக்கிழமை சாயங்காலம் சாராயக்கடைக் கூடத்தில் கூட்டம். நினியன் வாயைத் திறந்ததும் ஈபன் எழுந்தான்.

“நீ சீவின நாரு எங்கப்பா? ஒரு கத்தை காட்டு பாப்போம்.”

“எனக்கும் சேத்து நீங்க சீவுறீங்க. அதான் உங்களுக்கும் சேத்து நான் பேசறேன்.”

“மிஷின் வந்தா உனக்கென்ன? பேப்பரை மடிச்சுக்கிட்டு வேற ஊரு போயிடுவ.”

“மிஷினுக்குப் பேப்பர் வாசிக்க ஆள் வேணாமேண்ணே. மொதல்ல போறது நான்தான்.”

கூடம் சிரித்தது. கேட்கக் கேட்க நினியனின் பேச்சு தேறியது. உளறலெல்லாம் கழிசலாக உதிர்ந்து நல்ல இழை மட்டும் மிஞ்சியது. ஈபனுக்கு அது தெரியாமலா? அவன் தொழிலே அதுதானே. ஆனாலும் பொறாமை அவனை உட்கார விடவில்லை.

“எல்லாம் சரி. நேத்து பொழுது சாய எல்ஸ்பெத் வீட்டுல உனக்கென்ன வேலை?”

நினியனுக்குக் காது சிவந்தது.

“கட்டிக்கிறியான்னு கேக்கப் போனேன். வாய் வரல. கஞ்சியக் குடிச்சிட்டுத் திரும்பிட்டேன்.”

“அதுக்கா வந்த?” என்றாள் கூட்டத்துக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த எல்ஸ்பெத். “உப்பு பத்தலன்னு சொல்லத்தான் முழிக்கிறியோன்னு நெனச்சேன். சரி, கட்டிக்கறேன்.” பிறகு ஈபனைப் பார்த்தாள். “நீங்க கேக்காட்டி இந்த ஆளு வாயத் தொறந்திருக்க மாட்டாருண்ணே.”

அண்ணே என்றுவிட்டாள்.

திங்கட்கிழமை நினியன் செய்தித்தாளை விரித்தான். முதல் கேள்வி எப்போதும் ஈபனுடையது. எல்லோரும் காத்திருந்தார்கள்.

“இன்னிக்குக் கேள்வி இல்லியாண்ணே?” என்றான் ஆடம்.

“கேட்ட வரைக்கும் போதும். வாசிக்கச் சொல்லு.”

நினியன் பங்குக் கத்தையை எடுத்து ஆணிகள் மேல் ஓங்கி அடித்தான் ஈபன். அன்றைக்கு அந்தக் கத்தையில் பாதிக்கு மேல் கழிசலாகத்தான் போயிற்று.