தட்டில் இரண்டு ஓரகத்திகள்

தப்பு என்னுடையது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நடுவில் எங்காவது வேறு யார் தலையிலாவது கட்டிவிடுவேன். எனக்கு அந்தப் பழக்கம் உண்டு.

ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் இருக்கிறது எங்கள் கருவி அறை. ஆபரேஷன் முடிந்து வரும் கத்தரி, இடுக்கி, கிளாம்ப் எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, தட்டில் அடுக்கி, துணி சுற்றி, கிருமி போக்கும் ஆவி இயந்திரத்துக்குள் தள்ளுவது வேலை. ஜன்னல் கிடையாது. வெளியே மழை பெய்வது, வருகிறவர்கள் செருப்பைப் பார்த்துத்தான் தெரியும். பதினாறு வருஷமாக அங்கேதான் இருக்கிறேன். புதிதாக வருபவர்களுக்கு வேலை பழக்குவதும், ஒரு மாதம் கழித்துத் தேர்வு வைத்து 'தேறினார்', 'தேறவில்லை' என்று படிவத்தில் எழுதுவதும் என் பொறுப்பு.

ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு லிஸ்ட் உண்டு. பிளாஸ்டிக் உறை போட்டுச் சுவரில் ஒட்டியிருக்கும். எல்லாம் என் கையெழுத்து. எனக்கு எதையும் மூன்று தரம் எழுதினால்தான் மண்டையில் ஏறும். ஏறிவிட்டால் பிறகு இறங்காது. பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் படித்தேன். அதனால் உலகத்தில் எல்லோருக்கும் அதுதான் வழி என்று இருந்துவிட்டேன். எழுதிப் படிக்காதவர்களை நான் சோம்பேறிகளோடுதான் சேர்த்தேன்.

கொழுந்தனுக்கு முதுகெலும்பு நகர்ந்து படுக்கையில் விழுந்தபோது, அவன் மனைவியை, அதாவது என் ஓரகத்தியை, இந்த வேலைக்குக் கூட்டிவந்ததும் நான்தான். அவளை விட்டால் அந்த வீட்டில் சம்பாதிக்க ஆள் இல்லை. "கவலைப்படாத, நான் இருக்கேன்ல" என்று அவள் கையைப் பிடித்துச் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

வீட்டில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். வாய் ஓயாது. பாத்திரம் துலக்கினால் பாத்திரத்தோடு பேசுவாள், துணி மடித்தால் துணியோடு பேசுவாள். முதல் நாளே நோட்டு கொடுத்து லிஸ்டை மூன்று தரம் எழுதிவரச் சொன்னேன். ஆறு தரம் எழுதி வந்தாள், பாவம். கேட்டால் ஐந்து பெயர்கூடச் சொல்லத் தெரியவில்லை.

மூன்றாம் வாரம் ஒருநாள் நான் உள்ளே நுழைந்தபோது, வயிற்று ஆபரேஷனுக்கான பெரிய தட்டை அடுக்கிக்கொண்டிருந்தாள். சுற்றிலும் மற்ற பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"மாமனார் நடுவுல உக்காருங்க. மாமியார் அவர் பக்கத்துல. நாத்தனார் நாலு பேரும் வரிசையா வாங்க, இடிச்சுக்காதீங்க. சின்ன மருமக எங்க காணோம்? தோ, ஓரமா ஒளிஞ்சிருக்கா."

வயிற்றைத் திறந்து பிடிக்கும் கனமான விரிப்பான் மாமனார். அகல வாய் இடுக்கி மாமியார். கை தன்பாட்டுக்கு ஓடியது, ஒன்றுகூடப் பிசகவில்லை. நானும் சிரித்துவிட்டேன். அதற்குள் அவள் வளைந்த கிளாம்ப் இரண்டை எடுத்தாள்.

"ஓரகத்திங்க ரெண்டு பேரும் வாங்க. மூஞ்சியத் திருப்பிக்கிட்டு உக்காருங்க. அப்பதான் ஒருத்தி கொக்கி இன்னொருத்தி மேல மாட்டாது."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது.

"இது என்ன பொம்மை விளையாட்டா? வாய மூடிட்டு லிஸ்டப் பாத்து அடுக்கு" என்றேன். "அது என்ன ரெண்டு? லிஸ்ட்ல வளைஞ்ச கிளாம்ப் ஒண்ணுதான் இருக்கு."

"இல்லக்கா. அழுக்குத் தட்டு கீழ வர்றப்ப எப்பவும் இவங்க ரெண்டு பேராத்தான் வர்றாங்க. நான் பாத்துட்டே இருக்கேன்."

"லிஸ்ட்ல என்ன போட்டிருக்கு?"

"ஒண்ணு."

"அப்ப ஒண்ணு."

இரண்டு வருவது எனக்குத் தெரியாதா? தெரியும். மிஞ்சுகிற ஒன்றைக் கழுவித் தனிப் பொட்டலமாகக் கட்டி இழுப்பறையில் போடுவதே நான்தான். அதை ஆபரேஷன் தியேட்டரிலிருந்து வந்து வாங்கிப்போவார்கள், மறுநாள் திரும்ப வரும். இத்தனை வருஷத்தில் ஏன் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

தேர்வு நாளன்று 'பேசக் கூடாது' என்று ஒரு விதி போட்டேன். அதற்கு முன் அப்படி ஒரு விதி இருந்ததில்லை. வாய் நின்றதும் அவள் கையும் நின்றுவிட்டது. ஒவ்வொரு கருவியாக எடுத்து லிஸ்டைப் பார்த்து, திரும்பக் கருவியைப் பார்த்துத் தடுமாறினாள். மூன்று தவறு. மூன்று வரை தேறலாம். கடைசியில் வளைந்த கிளாம்ப் இரண்டையும் எடுத்து முதுகோடு முதுகாக வைத்தாள். நான் அதை நான்காவது தவறாக எழுதினேன். எழுதும்போது மனசுக்குள் ஒரு சந்தோஷம் இருந்தது. அதுதான் இன்றுவரை என்னை அரிக்கிறது.

அவள் அழவில்லை. ஏப்ரனை மடித்து மேஜைமேல் வைத்தாள்.

"பரவால்லக்கா. எனக்குச் சின்ன வயசுலேந்தே எதுவும் மண்டைல ஏறாது" என்று என்னைச் சமாதானப்படுத்திவிட்டுப் போனாள்.

பத்து நாள் கழித்து தியேட்டர் நர்ஸ் முகமூடியைக்கூடக் கழற்றாமல் கீழே இறங்கி வந்தாள். அன்று நான் இழுப்பறையை ஒழுங்குபண்ணுகிறேன் என்று தனிப் பொட்டலத்தை வேறு அலமாரிக்கு மாற்றியிருந்தேன்.

"ரெண்டாவது கிளாம்ப் எங்க? அது இல்லாம டாக்டர் நாலு நிமிஷம் ரத்தக் குழாய விரலால அழுத்திட்டு நின்னாரு. ஏதோ படுத்திருந்த மனுஷன் பொழச்சாரு."

"லிஸ்ட்ல ஒண்ணுதானே..."

"உங்க லிஸ்ட் தப்புன்னு எங்களுக்கு எப்பவோ தெரியும். சொன்னா நீங்க சண்டைக்கு வருவீங்கன்னுதான் தனியா வாங்கிக்கிட்டிருந்தோம்."

அலமாரியின் அடியில் தேடியபோது, தண்ணீர் பட்டு மஞ்சளாகிப்போன பழைய லிஸ்ட் கிடந்தது. எனக்கு முன்னால் இருந்தவர் எழுதியது. வளைந்த கிளாம்ப், 2. அதைப் பார்த்துப் புதிதாக எழுதியபோது நான் 1 என்று போட்டிருக்கிறேன். மூன்று தரம் எழுதிப் படிக்கிறவள் அல்லவா? தப்பையும் மூன்று தரம் எழுதிப் படித்திருக்கிறேன்.

அன்றே போய் உண்மையைச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். சொல்லவில்லை. உறையைப் பிரித்து 1-ஐ 2 ஆக்கி, திரும்ப ஒட்டிவிட்டு, ஒன்றும் தெரியாதவள்போல் இருந்துவிட்டேன். மூன்று நாள்.

ஞாயிற்றுக்கிழமை கொழுந்தனைப் பார்க்கப் போனோம். சமையலறையில் அவள் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். தண்ணீர்ச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

"என்னமோ தெரியல அண்ணி, ரெண்டு வாரமா ரேடியோ ரிப்பேர்" என்றான் கொழுந்தன். சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை.

என்னால் அங்கே உட்கார முடியவில்லை. அவள் வேலையை மட்டும் பறிக்கவில்லை, அவள் வாயையும் பிடுங்கிவைத்துக்கொண்டிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. மறுநாள் பழைய லிஸ்டை எடுத்துக்கொண்டு சூப்பர்வைசரிடம் போனேன். கிளாம்ப், பேசக் கூடாது என்ற விதி, எனக்குள் இருந்த வன்மம் எல்லாவற்றையும் கொட்டினேன். பழக்கிவிடும் பொறுப்பை என்னிடமிருந்து எடுத்துவிட்டார். அவளுக்கு மறுதேர்வு என்றார்.

மறுதேர்வில் நான் ஓரமாக நின்றேன். அவள் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, லிஸ்டில் விரலை வைத்து நகர்த்தினாள். முதல் கருவியே இடம் மாறியது. அடுத்ததும் மாறியது.

"மாமனார் எங்கம்மா?" என்றேன் சத்தமாக. சூப்பர்வைசர் நிமிர்ந்து பார்த்தார்.

"வேணாம்க்கா. நான் லிஸ்டப் பாத்தே பண்ணிக்கிறேன்."

"லிஸ்ட் கெடக்கட்டும். பெரிய மனுஷன் எவ்வளவு நேரம் நிப்பாரு? நடுவுல உக்கார வை. மாமியார் கோவிச்சுக்கப்போறாங்க."

அவள் சூப்பர்வைசரைப் பார்த்தாள். அவர் தலையாட்டினார். "மாமனார்..." என்றாள், வெறும் காற்றுபோல. பிறகு "மாமியார்". நாத்தனார்கள் வரும்போது குரலும் வந்துவிட்டது, கையும் வந்துவிட்டது. இடம் மாறிய இரண்டையும் தானே எடுத்துச் சரியாக வைத்தாள்.

கடைசியில் ஒரு வளைந்த கிளாம்பைத் தட்டில் வைத்தாள். இன்னொன்று கையில் இருந்தது. லிஸ்டில் இப்போது 2 என்றிருப்பதைப் பார்க்காமல், என் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, ஓரகத்தி ஒண்ணா, ரெண்டா?"

இந்த ஆஸ்பத்திரியில் யாரும் சொல்லாமலே அதைத் தானாகக் கண்டுபிடித்தவள் என்னிடம் கேட்கிறாள்.

"நீதான் சொல்லணும்" என்றேன்.

அவள் இரண்டாவதையும் முதுகோடு முதுகாக வைத்தாள். வைத்துவிட்டு, கையை அதன்மேலிருந்து எடுக்காமல், சரிதானா என்று என் முகத்தைப் பார்த்தாள்.