ஒரு பாரம் குறைந்த நாவல்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை கூடத்தில் இருந்தவர்கள்: முகத்தில் சவர நுரையோடு அண்ணன், அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கிற அண்ணி, மாடி வீட்டுப் பல் டாக்டரம்மா, இரவு வேலை முடிந்து வந்து இன்னும் படுக்காத ஆந்தை.

ஆந்தை என்பது அண்ணன் தன் தம்பிக்கு வைத்த பெயர். கல்லூரியைப் பாதியில் விட்டுவிட்டு, ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இரவெல்லாம் படுக்கை விரிப்புகள் துவைக்கிறவனுக்கு வேறு என்ன பெயர் வைப்பது? இயந்திரம் சுற்றுகிற நேரமெல்லாம் நாவல் படிப்பான். படித்ததைப் பற்றி நாலு பேரிடம் வாயாடாமல் அவனுக்குத் தூக்கம் பிடிக்காது. அதற்கு வாகாகக் கிடைத்தவர் டாக்டரம்மா.

"இப்ப எழுதுறவங்க முடிவை வாசகர்கிட்டயே விட்டுடறாங்களாம். சாப்பிட்ட தட்டை விருந்தாளி தலையில கட்டிட்டுப் போற மாதிரி" என்றான்.

"உங்க பழைய ஆளுங்க மட்டும் என்னவாம்? கதாநாயகன் வீட்டை விட்டு வெளியே வரதுக்குள்ள மூணு பக்கம் மழை பெய்யுது" என்றார் டாக்டரம்மா.

"பெய்யட்டுமே டாக்டர். எட்டு வண்டி ஈரத்துணி தள்ளினவனுக்கு நீளமான வாக்கியம்னா காலை நீட்டிப் படுத்த மாதிரி. புதுசுலயும் நல்லது இருக்கு. அவங்க யாருக்கும் புத்தி சொல்றதில்ல. அதுக்கே கையெடுத்துக் கும்பிடணும்."

"டேய், சீக்கிரம் கும்பிட்டுட்டுப் போய்ப் படு" என்றான் அண்ணன்.

ஆனால் ஆந்தை எங்கே சுற்றினாலும் கடைசியில் அந்த ரயில் ஓட்டுநர் நாவலில்தான் வந்து உட்காருவான். அப்பா இறந்த மாதத்தில் அண்ணி கொடுத்த புத்தகம் அது. பழையது, அழுத்தமாக பைண்டு செய்தது. அதில் ஓர் இடம். நோயாளி மனைவி ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல்கிறாள். பக்கத்தைத் திருப்பினால், ஓட்டுநர் ஒரே ஒரு தட்டைக் கழுவிக் கவிழ்க்கிறார். அவ்வளவுதான். சாவும் இல்லை, அழுகையும் இல்லை.

அப்பா போனபோது இவன் சலவைக்கூடத்தில் இருந்தான். போன் அங்கே பூட்டிய பெட்டிக்குள் கிடந்தது. வீட்டுக்கு வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. என்ன நடந்தது என்று அவன் கேட்கவில்லை. யாரும் சொல்லவும் இல்லை. பார்க்காத சாவை எப்படிச் சுமப்பது என்று தெரியாமல் கிடந்தவனுக்கு அந்த ஒற்றைத் தட்டு கைகொடுத்தது. படித்த மறுநாளே எழுந்து வேலைக்குப் போனான்.

"சாவைச் சொல்லாமலே தாண்டினான் பாருங்க, அந்தத் துணிச்சல் இன்னிக்கு எவனுக்கும் கிடையாது" என்று வழக்கம்போல முடித்தான்.

டாக்டரம்மா பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து நீட்டினார். அதே நாவல், புதுப் பதிப்பு. "நீங்க ஓயாம சொல்றீங்களேன்னு ரெண்டு வாங்கினேன். இது உங்களுக்கு. ஆனா எதைத் தாண்டினார்ங்கறீங்க? அந்தம்மா வாசலையே பார்த்து, ரயிலோட போன புருஷன் 'வந்துட்டாரா, வந்துட்டாரா'ன்னு பதினாறு பக்கம் கேட்டுட்டுத்தானே சாகறாங்க?"

அண்ணன் நுரையைத் துடைப்பதை நிறுத்தினான். ஆந்தை உள்ளே போய்த் தன் பிரதியைக் கொண்டுவந்து, ஜன்னல் பக்கத்தைப் பிரித்தான். அடுத்தது தட்டு. பக்க எண் பார்க்கலாம் என்றால், அடி ஓரம் ஒட்ட நறுக்கியிருந்தது. புத்தகம் முழுக்க ஓர் எண் கூட இல்லை.

"பைண்டர் ஒரு பாரத்தை விட்டுட்டான்" என்றான். "பதினாறு பக்கம், ஒரு மடிப்பு. தப்பைப் போய் இத்தனை நாளா துணிச்சல்னு பேசிட்டிருந்திருக்கேன்."

"பைண்டரை ஏன் திட்டறே? நான்தான் எடுத்தேன்" என்றாள் அண்ணி.

ஆந்தை பிரதியின் தையலைத் தடவிப் பார்த்தான்.

"கிழிக்கல. நூலை அறுத்து அந்த பாரத்தை மட்டும் உருவினேன். எங்க பைண்டர்கிட்ட, நம்பர் எல்லாம் போற மாதிரி நறுக்கித் தாங்கன்னேன். இந்தம்மாவுக்குக் கிறுக்குப் பிடிச்சுடுச்சுன்னு பார்த்தார்."

"வேற புத்தகம் கொடுத்திருக்கலாமே?" என்றார் டாக்டரம்மா.

"தட்டு கழுவற இடம் அதுலதானே இருக்கு."

டாக்டரம்மா எழுந்தார். "நான் இதை எடுத்துட்டுப் போயிடறேன்."

"வைங்க டாக்டர்" என்றான் ஆந்தை. கோபம் வருகிறதா என்று பார்த்தான். வரவில்லை. அன்றைக்கு அந்தப் பதினாறு பக்கமும் இருந்திருந்தால் புத்தகத்தை விட்டெறிந்திருப்பான். பிறகு எந்தப் புத்தகத்தையும் தொட்டிருக்க மாட்டான். விரிப்பு மட்டும்தான் துவைத்துக்கொண்டிருப்பான். இந்த வீட்டில் இத்தனை காலமும் சோறு மட்டும்தான் போட்டார்கள் என்று நினைத்திருந்தானே.

"அண்ணி, அப்பா கேட்டாரா?"

அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அண்ணி திருப்பிக்கொள்ளவில்லை.

"கேட்டார். ரெண்டு மூணு தடவை."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"வேலை முடிஞ்சு வந்துட்டே இருக்கான் மாமான்னேன். 'சரி, மெதுவா வரட்டும்'னார்."

ஆந்தை தலையாட்டினான். கொஞ்ச நேரம் இரண்டு புத்தகங்களையும் கையில் வைத்துப் பார்த்தான்.

"எழுதினவர் எழுதினதும் நல்லாத்தான் இருக்கும் அண்ணி. ஆனா எனக்கு நீங்க எடுத்ததுதான் நாவல்" என்று பழைய பிரதியை அவள் கையில் கொடுத்தான். "இதைப் பத்திரமா வைங்க. பாரம் இப்ப நானே தூக்கிக்கறேன்."

"படுக்கலியாடா?" என்றான் அண்ணன்.

"பதினாறு பக்கம்தானே."

புதுப் புத்தகத்தோடு தன் அறைக்குள் போனான். கதவைச் சாத்தினான். உள்ளே தாழ் விழுந்தது.