எட்டாவது வரி

கண்ணாடிக் கடைச் சுவரில் மாட்டியிருந்த கண் பரிசோதனை அட்டை, கடைக்காரருக்கு நாற்பது வயது முடிந்த மறுநாள் காலையிலிருந்து பழமொழி சொல்ல ஆரம்பித்தது. முந்தின நாள் வரை அதில் மேலே பெரிதும் கீழே வரவரச் சிறிதுமாகச் சம்பந்தமில்லாத எழுத்துகள் ஏழு வரி இருந்தன. அன்று அதே ஏழு வரியில் ‘ஆழம் தெரியாமல் காலை விடாதே’ என்று இருந்தது, அதுவும் அவருடைய மூன்றாம் வகுப்புக் கையெழுத்தில். வகுப்பில் ஓயாமல் பேசியதற்குத் தண்டனையாகப் பழமொழிகளை நூறு நூறு தடவை எழுதியவர் அவர். பக்கத்தின் தலையில் கொட்டை எழுத்தாகத் தொடங்கி, கை வலிக்க வலிக்கக் குறுகி, அடியில் எறும்பு ஊர்ந்த மாதிரி முடியும். தன் எழுத்து தனக்குத் தெரியாதா? கடை வாசலில் தேங்கியிருந்த மழைத்தண்ணீரைச் சுற்றிக்கொண்டு போனார். பின்னால் வந்த தபால்காரர் நேரே சைக்கிளை விட்டார், சீட் வரை உள்ளே போய்விட்டது.

அன்றிலிருந்து அட்டை சொன்னால் சொன்னதுதான். ‘அகலக்கால் வைக்காதே’ என்ற அன்று பக்கத்துக் கடையையும் எடுக்கும் யோசனையைக் கைவிட்டார், மறுவாரமே அதன் கூரை உட்கார்ந்துவிட்டது. கண்ணில் ஒரு குறையும் இல்லாதவர்கள்கூட வாசலில் நின்று தலையை நீட்டி, அன்றைய பழமொழியைப் பார்த்துவிட்டு வேலைக்குப் போனார்கள். பரிசோதனைக்கு வந்தவர்கள் ஏழாவது வரியைத் தொட்டதும் இவர் “போதும் போதும்” என்று நிறுத்திவிடுவார். அதற்கும் கீழே சில புள்ளிகள் இருந்தன. ஈ எச்சம் என்று தினமும் ஈரத்துணியால் துடைத்தார், போகவில்லை. பிடிவாதக்கார ஈ என்று விட்டுவிட்டார். ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிய மனுஷர் தன் கண்ணைச் சோதித்துக்கொண்டதே இல்லை. “எனக்கென்ன கேடு?” என்பார், செய்தித்தாளைக் கை எட்டுமட்டும் தள்ளிப் பிடித்துக்கொண்டு.

அவருக்கு ஒரே ஒரு ஏக்கம் இருந்தது. ரயில் நிலையம் போகிற பஸ்ஸை ஓட்டும் டிரைவரம்மா, பார்வைச் சான்றிதழுக்காக முதல் தடவை வந்தபோதே அவரிடம் இவர் மனதைப் பறிகொடுத்துவிட்டார். ஆனால் அந்த அம்மா வருகிற நாளிலெல்லாம் அட்டை ‘நுணலும் தன் வாயால் கெடும்’ என்றது. தவளை கத்தித்தானே பாம்புக்குத் தன்னைக் காட்டிக்கொடுக்கிறது? அவர் வாயைத் திறக்கவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வர வேண்டும் என்று மட்டும் சீட்டில் எழுதிக் கொடுத்தார், கை எழுதினால் அது வாயில் சேராது என்ற நம்பிக்கையில். இப்படியே மூன்று வருஷம் ஓடியது. “பேச்சை முழுங்கி முழுங்கியே உனக்கு வயிறு வந்துடுச்சுடா” என்றாள் அக்கா.

நான்காவது வருஷம் ஒரு நாள் டிரைவரம்மா வந்து உட்கார்ந்ததும், மலைமேல் இருக்கிற ஊருக்கு மாற்றல் வந்திருப்பதாகச் சொன்னார். வேண்டாம் என்று எழுதிக் கொடுக்க அன்று சாயங்காலம்தான் கடைசி. கடைக்காரர் சீட்டையும் பேனாவையும் எடுத்து வைத்தார். நிமிர்ந்து பார்த்தால் அட்டையில் அதே தவளை. டிரைவரம்மா மளமளவென்று ஏழு வரியும் படித்தார். “போதும் போதும்” என்று சொல்லக்கூட இவருக்குக் குரல் எழும்பவில்லை. அதனால் அவர் நிறுத்தவில்லை.

“கீழ இன்னொரு வரி இருக்கே சார், அதையும் படிக்கவா?”

“அது ஈ எச்சம்மா.”

“ஈ எப்ப சார் எழுதக் கத்துக்கிச்சு? ‘வாயுள்ள பிள்ளை பிழைக்கும்’னு இருக்கு.”

கடைக்காரர் அட்டையருகே ஓடினார், மூக்கை வைத்துப் பார்த்தார், ஒன்றும் தெரியவில்லை. விற்பனைக்கு வைத்திருந்த கண்ணாடியில் ஒன்றை எடுத்து மாட்டினார். இருந்தது. மூன்றாம் வகுப்புக் கை வலித்து எழுதிய எட்டாவது வரி. இத்தனை நாளும் பாதிப் புத்திமதியைக் கேட்டே காலம் தள்ளியிருக்கிறோமே என்று அவருக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. திரும்பி நின்று, ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்.

“மூணு மாசத்துக்கு ஒரு தரம்னு எழுதினது பொய்ங்க. உங்க கண்ணு நல்லாத்தான் இருக்கு. நீங்க வரணும்னுதான் எழுதினேன். போகாதீங்க.”

டிரைவரம்மா கைப்பையை மூடினார். “எங்க டிப்போவில வருஷத்துக்கு ஒரு தரம்தான் சார் சர்டிபிகேட் கேப்பாங்க. அது எனக்கு மொதல்லேருந்தே தெரியும்” என்றார். மாற்றல் வேண்டாம் என்ற கடிதத்தை அந்தக் கடை மேஜையிலேயே எழுதினார்.

கல்யாணத்தன்று அட்டை வெறுமையாக இருந்தது, விடுமுறை போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டார்கள். மறுநாளிலிருந்து வழக்கம்போல எழுத்து வந்தது. மேல்வரிகளை அவர் படிப்பார், எட்டாவதை வேலைக்குக் கிளம்புமுன் அந்த அம்மா படிப்பார். ‘பொறுத்தார் பூமி ஆள்வார்’ என்று இவர் சொன்னால், ‘காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்’ என்று அங்கிருந்து வரும். எதைக் கேட்பது என்பதைக் காபி குடித்து முடிப்பதற்குள் இருவரும் பேசி முடிவு செய்துவிடுவார்கள். சென்ற மாதம் ஒரு நாள் உண்மையாகவே அங்கே ஓர் ஈ எச்சம் இட்டிருந்தது. அரைமணி நேரம் இருவரும் மாறி மாறிப் படித்துப் பார்த்த பிறகுதான் துடைத்தார்கள்.