இடம் போட்டு வைத்தவன்

1

2025 செப்டம்பர் 14, ஞாயிற்றுக்கிழமை. என் குறை இது: என் மகள் ஒரு கதையின் கடைசி வரியை மட்டும் என் கையில் கொடுத்துவிட்டு, மற்றதையெல்லாம் எழுதிக்கொள்ளச் சொல்லியிருக்கிறாள். அந்தக் கடைசி வரி, "முகேஷ் சிரித்தான்" என்பது. நான் முப்பத்துநான்கு ஆண்டுகள் தமிழாசிரியனாக இருந்து ஓய்வுபெற்றவன். முடிவுரையை முதலில் எழுதிவிட்டு முன்னுரையைத் தேடிய மாணவர் எவருக்கும் நான் முழு மதிப்பெண் அளித்ததில்லை.

கதை பிறந்த விதத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ரோகிணி, சத்யப்ரியா, முகேஷ் மூவரும் மதுரையில் ஒரே கல்லூரியில் ஒரே வகுப்பில் படித்தவர்கள். ரோகிணி என் மகள். எங்கள் வீடு கே.கே. நகரில். சத்யப்ரியா தல்லாகுளத்துப் பெண். முகேஷின் ஊர் வாடிப்பட்டியை அடுத்த ஒரு சிற்றூர். அவன் பெற்றோர் பிறர் வயலில் நாற்று நட்டு அவனைப் படிக்க வைத்தவர்கள். மூவரும் வேலைக்குப் போய், மூன்று ஆண்டுகள் சேமித்து, இந்தக் கோடையில் முதுகுப் பைகளோடு இருபத்தாறு நாள் ஐரோப்பாவைச் சுற்றி வந்தார்கள். திரும்பி வந்த நாள்முதல் முகேஷ் ரோகிணியோடு பேசவில்லை. மூன்று மாதம் ஆயிற்று.

"நீங்க கதையா எழுதுங்கப்பா. படிச்சா அவனுக்கு மனசு எளகிரும்," என்றாள்.

"என்ன நடந்தது?"

"அந்த ஒரு சாயங்காலத்த மட்டும் விட்ருங்க. மத்ததெல்லாம் எம்புட்டு வேணும்னாலும் சொல்றேன்."

2

முதல் தொடக்கம்: "ஆல்ப்ஸ் மலையின் வெண்பனிச் சிகரங்கள் காலை ஒளியில் பொன்னாக—"

நிறுத்திவிட்டேன். நான் ஆல்ப்ஸைக் கண்டதில்லை. நான் கண்ட மலைகள் சிறுமலையும் கொடைக்கானலும். அவற்றையும் பேருந்துச் சன்னல் வழியாகத்தான் கண்டேன். காணாத மலைக்குப் பொன் பூசுவது களவு.

இரண்டாம் தொடக்கம்: "நட்பு என்பது யாதெனில்—"

இதைப் பத்தாம் வகுப்புக் கட்டுரை நோட்டுகளில் ஆயிரம் முறை அடித்திருக்கிறேன். இங்கும் அடித்தாயிற்று.

மூன்றாம் தொடக்கம்: "மூவரும் ஓர் இரயிலுக்காகக் காத்திருந்தார்கள்."

இதில் குற்றமில்லை. ஆனால், அடுத்த வரி எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவர் மூவர். ஒருத்தி சொல்லமாட்டேன் என்றுவிட்டாள். ஆகவே முகேஷைத் தொலைபேசியில் அழைத்தேன்.

"நல்லா இருக்கீங்களா சார்? மாத்திரையெல்லாம் ஒழுங்கா சாப்பிடுறீங்களா?"

கதை எழுதுவதைச் சொன்னேன்.

"எழுதுங்க சார். பாரிஸப் பத்தி எழுதுங்க. நான் அங்க ஒரு கடையில மொளகாப்பொடி கேட்டு, கடைக்காரன் என்னய டாக்டர்ட்ட அனுப்பப் பாத்தான். அத எழுதுங்க. அந்தச் சாயங்காலம் மட்டும் வேணாம்."

"ரோகிணியும் அதையேதான் சொன்னாள்."

"சொல்லுவா." "சார், ஒண்ணு. என்ன வேணும்னாலும் எழுதுங்க. நான் மன்னிச்சுட்டேன்னு மட்டும் எழுதிராதீங்க. அத நான்தான் சொல்லணும்."

[வாசகர் இந்த இடத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். என் மகள் கேட்ட கடைசி வரி இங்கேயே செத்துவிட்டது.]

3

முகேஷைப் பாத்திரமாக்குவதில் எனக்கு ஓர் ஐயம் இருந்தது. இவ்வளவு நல்லவனாக ஒருவனை எழுதினால் நம்பமாட்டார்கள். அவனிடம் ஒரு குற்றமாவது வேண்டும் என்று தேடினேன். கிடைத்தது.

கல்லூரிக் காலத்தில் அவன் பெரியார் பேருந்து நிலையத்தில் நிற்பான். பேருந்து உள்ளே திரும்பும்போதே அதனோடு ஓடி, சன்னல் வழியாகத் துண்டை எறிந்து இரண்டு இருக்கைகளைப் பிடிப்பான். எங்கள் ஊரில் இதற்கு இடம் போடுவது என்று பெயர். துண்டு கிடந்தால் ஆள் உட்கார்ந்திருப்பதற்குச் சமம். பணி செய்த காலமெல்லாம் நான் இந்தப் பழக்கத்தைக் கண்டித்தவன். முதலில் வந்து நிற்பவனுக்கு உரியதைத் துணியால் பறிப்பது முறையன்று என்று இன்றும் வாதிடுவேன். ஆனால், கணக்கை நேர்மையாகச் சொல்ல வேண்டும். மூன்று ஆண்டுகள் ரோகிணியும் சத்யப்ரியாவும் அவன் துண்டு போட்ட இருக்கைகளில் உட்கார்ந்துதான் கல்லூரிக்குப் போனார்கள். துண்டு போட்டவன் படியில் நின்று போனான். நானும் அதை அறிவேன். ஒரு நாளும் கண்டித்ததில்லை.

4

இனி அந்தச் சாயங்காலம். சத்யப்ரியா சென்ற புதன்கிழமை வீட்டுக்கு வந்திருந்தாள். ரோகிணி அலுவலகத்திலிருந்து திரும்பவில்லை. சத்யப்ரியா சொன்னதை அவள் சொற்களிலேயே தருகிறேன்; திருத்தக் கை துடிக்கிறது, திருத்தவில்லை.

"ஆஸ்திரியால ஒரு ஸ்டேஷன்ப்பா. காலைல செம கூட்டம். முகேஷ் எங்க ரெண்டு பேரு பையையும் புடுங்கிக்கிட்டான். 'நீங்க மெதுவா வாங்க, நான் ஓடிப்போயி எடம் போட்டு வைக்கிறேன்'னான். அங்கயுமான்னு சிரிச்சோம். அவன் முன்னாடி பெட்டியில ஏறிட்டான். சன்னல் வழியா கையாட்டுனான், மூணு சீட்டுலயும் பைய வச்சுட்டேன்னு. நாங்க ஓட முடியாம பின்னாடி பெட்டியில ஏறுனோம். உள்ளுக்குள்ளயே நடந்து போயிரலாம்னு நெனச்சோம்."

போக முடியவில்லை. அது இரண்டு இரயில்களை ஒன்றாகப் பூட்டிய தொடர். வழியில் ஒரு நிலையத்தில் முன்பாதி ஓர் ஊருக்கும் பின்பாதி வேறோர் ஊருக்கும் பிரிந்து போயிற்று. முன்கூட்டியே அறிவித்தார்கள், அறிவித்த மொழி இவர்களுக்குத் தெரியாது. பெண்கள் இருவரின் பயணச்சீட்டும் கடவுச்சீட்டும் பைகளில் இருந்தன. பைகள் மூன்றும் மூன்று இருக்கைகளில் முகேஷோடு சௌகரியமாகப் போய்க்கொண்டிருந்தன.

"டிக்கெட் செக் பண்றவரு ரோகிணிய எந்திரிச்சு நிக்கச் சொன்னாரு. பெட்டியே பாத்துச்சுப்பா. அவளுக்கு மூஞ்சி செவந்துபோச்சு. அடுத்த ஸ்டேஷன்ல எறக்கி உக்கார வச்சுட்டாங்க. முகேஷுக்குப் போன் பண்ணோம். ரெண்டு ரயிலு மாறி, சாயங்காலந்தான் வந்து சேந்தான். முன்னால ஒரு பை, முதுகுல ஒரு பை, கையில ஒரு பை. 'எடமெல்லாம் சூப்பராத்தான் போட்டேன் மாப்ள, ஆளுகளத்தான் ரயிலு பிச்சுக்கிட்டுப் போயிருச்சு'ன்னான். நான் சிரிச்சுட்டேன். ரோகிணி சிரிக்கல."

அப்போது ரோகிணி சொன்னது இது:

"நாலு பேர் கூடுகிற இடத்தில் எப்படி நடந்துகொள்வது என்று உங்கள் ஆட்களுக்கு எப்போதுதான் தெரியப்போகிறது?"

"அவன் அவ பைய அவ காலுகிட்ட நிமித்தி வச்சான்ப்பா. அதுக்கப்புறம் பத்து நாளு சுத்துனோம். எந்த ரயில்லயும் அவன் உக்காரல. பாதி ரயிலு காலியாத்தான் போகும். கதவுகிட்டயே நின்னான்."

[முதல் வரைவில் இந்த இடத்தில், "ரோகிணி கோபத்தில் ஏதோ சொன்னாள்" என்று எழுதியிருந்தேன். பிறகு ஏன் முழு வாக்கியத்தையும் எழுதினேன் என்பது அடுத்த பகுதி.]

5

"உங்கள் ஆட்கள்" என்பது முகேஷ் என்ற ஒருவனை நோக்கிய சொல்லன்று. அவன் பிறந்த தெருவையும், அவனுக்கு முன் அந்தத் தெருவில் பிறந்தவர்களையும் நோக்கிய சொல். அதனால்தான் அவன் உட்காரவில்லை.

சத்யப்ரியா போனபின் அந்த வாக்கியத்தைத் தாளில் எழுதிப் பார்த்தேன். என் பழக்கம் அது. ஓர் எழுத்துப் பிழையும் இல்லை. ரோகிணி எப்போதும் மதுரைத் தமிழ்தான் பேசுவாள்; "வாரேன்ப்பா" என்றுதான் வீட்டைவிட்டுப் புறப்படுவாள். அயல்நாட்டு இரயில் நிலையத்தில், அழுகை முட்டும் கோபத்தில், எந்தப் பெண் பாடநூல் தமிழில் பேசுவாள்? அது அவளுடைய வாக்கியம் அன்று. எங்கோ கேட்டு, உள்ளே கிடந்தது.

எங்கே என்பதும் நினைவுக்கு வந்துவிட்டது. வராமல் இருந்திருக்கலாம்.

2009-ஆம் ஆண்டு. பள்ளியிலிருந்து கொடைக்கானலுக்குச் சுற்றுலா. சோணைமுத்து என்று ஒன்பதாம் வகுப்பு மாணவன், அவனும் முகேஷின் ஊர்ப்பக்கம்தான், தன் நண்பர்களுக்காகப் பேருந்துச் சன்னல் வழியாகத் துண்டை எறிந்தான். அதை எடுத்து மண்ணில் போட்டேன். எல்லோர் முன்னிலையிலும் அவனிடம் அந்த வாக்கியத்தைச் சொன்னேன். சொல் மாறாமல் அதே வாக்கியம். பிள்ளைகள் சிரித்தார்கள். பிறகு போய் முன்னிருக்கையில் உட்கார்ந்தேன். அந்த இருக்கையை எனக்காக உடன்பணியாற்றிய ஒருவர் தம் பையை வைத்துப் பிடித்திருந்தார். பக்கத்தில் என்னோடு சுற்றுலாவுக்கு வந்திருந்த எட்டு வயது ரோகிணி.

ஆகவே, அந்தச் சாயங்காலத்தை விட்டுவிடும் உரிமை எனக்கு இல்லை. விட்டால் காப்பாற்றப்படுபவன் நான்.

நேற்று ரோகிணியிடம் சொன்னேன்: "அந்த வாக்கியம் என்னுடையது."

"ஆனா வாயி என்னுதுப்பா," என்றாள்.

6

முகேஷ் இப்போது தல்லாகுளத்தில் ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறான். மாலை ஐந்து நாற்பதுக்கு ஆரப்பாளையத்தில் வாடிப்பட்டிப் பேருந்து. அவன் வந்து சேரும்போது உட்கார இடம் இருப்பதில்லை என்று சத்யப்ரியா சொன்னாள்.

"நாளைக்கு நான் போயி அவனுக்கு எடம் போடப்போறேன்," என்றாள் ரோகிணி, இன்று காலையில்.

"உனக்குப் போடத் தெரியுமா?"

"போட்ட எடத்துல உக்காரத்தான் தெரியும்."

"துண்டு என்னுடையதாக இருக்கட்டும். நானும் வருகிறேன்."

"நீங்க ஓடுவீங்களா?"

"நீ ஓடு. நான் நிற்கிறேன். அவன் வந்ததும் முதலில் பேச வேண்டியவன் நான்."

இனி முடிவு. மூன்று எழுதினேன். ஒன்றில் அவன் உட்காருகிறான். ஒன்றில், துண்டு மட்டும் சன்னலோரம் வாடிப்பட்டிவரை போகிறது. அவன் படியிலேயே நிற்கிறான். இன்னொன்றில் துண்டை எடுத்து மடித்து, சன்னல் வழியாக என்னிடம் நீட்டி, "சார், ஒங்க துண்டு," என்கிறான். மூன்றுமே நன்றாக இருந்தன. மூன்றையும் அடித்துவிட்டேன். அத நான்தான் சொல்லணும் என்று அவன் சொன்ன பிறகு, அவனுக்காக ஒரு தலையசைப்பைக்கூட எழுத எனக்கு அதிகாரமில்லை.

எனவே, முகேஷின் முடிவை உங்களிடமும் ஒப்படைக்கப்போவதில்லை. உங்களிடம் நான் கோருவது வேறு. நாளை, திங்கட்கிழமை மாலை, ஆரப்பாளையத்தில் அந்தப் பேருந்தில் நீங்கள் ஏற நேர்ந்தால், இடப்புறம் மூன்றாம் வரிசையில் சன்னலோரம் பச்சைக் கரை வைத்த வெள்ளைத் துண்டு ஒன்று கிடக்கும். எவ்வளவு நெரிசலானாலும் அதை எடுக்காதீர்கள். நாள் முழுதும் நின்று கால் கடுத்தவராக இருந்தாலும் அதன்மேல் உட்காராதீர்கள். இது முறையா என்று என் பழைய மாணவர் யாரேனும் கேட்டால், முறையன்று என்று ஒப்புக்கொள்ளுங்கள். நடத்துநர் கேட்டால், "ஆளு வருது" என்று சொல்லுங்கள்.