உள்தாழ்ப்பாள்

மூன்றாவது டம்ளர் டீயை ஊற்றும்போது என் வீட்டுக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பார்க்கட்டும். கூக்கால் ஏரிக்கரையில் காலை ஏழரை மணி. தண்ணீருக்கு மேல் பஞ்சுப்பொதி மாதிரி மூட்டம் கிடந்தது. வண்டியின் பக்கக் கதவைத் திறந்துவைத்து, படியில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தேன். "மதீனா, பித்தம் ஏறிடப் போகுது" என்றார். "ஏறினா ஏறட்டும், எனக்குத்தான ஏறுது" என்றேன். முப்பத்தோரு வருஷம் குடிக்காமல் விட்ட டீ எத்தனை டம்ளர் என்று யாருக்காவது கணக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது. குடித்துத் தீர்த்துவிட்டுத்தான் சொல்ல முடியும்.

கொடைக்கானலில் ஏரி ரோட்டில் எங்கள் கடை. ஸ்வெட்டர், மப்ளர், கம்பளி, குரங்குக் குல்லா. வெள்ளனே ஏழு மணிக்குத் திறந்தால் இரவு ஒன்பதுக்குத்தான் ஷட்டரை இழுப்போம். எதிரே அத்தனை பெரிய ஏரி, வருஷத்தில் பாதி நாள் மழை, ஆனால் கடையில் உட்கார்ந்திருக்கும் பொம்பளை ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்க நாலு தடவை யோசிக்க வேண்டும். குடித்தால் போகவேண்டும். எங்கே போவது? ஆம்பளைகளுக்குச் சுவர் இருக்கிறது, மரம் இருக்கிறது. எனக்குப் பின்தெரு லாட்ஜ் இருந்தது. அங்கே வாட்ச்மேனிடம் சாவி கேட்கவேண்டும். அவன் என்னை ஒருமுறை பார்ப்பான், சுவர்க் கடிகாரத்தை ஒருமுறை பார்ப்பான், அப்புறம்தான் சாவியை எடுப்பான். அந்தப் பார்வைக்குப் பயந்தே நாளைக்கு ஒரு தடவை என்று வைத்துக்கொண்டேன். நோன்பு மாசத்தில் மட்டும்தான் எனக்கும் ஊர்க்காரர்களுக்கும் வித்தியாசம் இல்லாமல் இருந்தது. மற்ற பதினோரு மாசமும் நான் தனியாக நோன்பு இருந்தேன், நன்மை எதுவும் எழுதப்படாத நோன்பு.

இரண்டு வருஷத்துக்கு முன் முதுகில் வலி வந்து, காய்ச்சல் வந்து, மதுரையில் பத்து நாள் கிடந்தேன். சிறுநீரகத்தில் கிருமி. "தண்ணியே குடிக்க மாட்டீங்களாம்மா?" என்று டாக்டரம்மா கேட்டார். குடிக்காததற்குக் காரணத்தைச் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்த பேனாவை அப்படியே நிறுத்திவிட்டார். அந்தக் கட்டிலில் படுத்துக்கொண்டுதான் முடிவு செய்தேன், எனக்கென்று ஒரு கதவு வேண்டும், அதற்கு உள்பக்கம் தாழ்ப்பாள் வேண்டும், நான் எங்கே போனாலும் அது கூடவே வரவேண்டும் என்று. மகன் இத்ரீஸின் செல்போனில் வெளிநாட்டுக்காரர்கள் வீட்டை வண்டியில் வைத்துக்கொண்டு ஊர் சுற்றுவதை ஏற்கெனவே பார்த்திருக்கிறேன். அடுப்பு, கட்டில் எல்லாம் காட்டிவிட்டு ஒரு சின்னக் கதவையும் திறந்து காட்டுவார்கள். அதில் என் கண் அந்தக் கதவிலேயே நின்றுவிட்டது.

என் வளையல்களை விற்று, பள்ளிக்கூடத்துக்கு ஓடிய பழைய வேன் ஒன்றை என் பேரில் வாங்கினோம். வத்தலக்குண்டில் பாடி கட்டும் கந்தவேல் பட்டறையில் விட்டோம். "முதல்ல எது வேணும்? கட்டிலா, அடுப்பா?" என்று கந்தவேல் கேட்டார். என் வீட்டுக்காரர் டிவி என்றார். நான் கக்கூஸ் என்றேன். பட்டறையில் இருந்த நாலு பேரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. மரச்சட்டம் வைத்து, தகரம் அடித்து, அடியில் எடுத்துக் கழுவுகிற மாதிரி ஒரு தொட்டி வைத்துக் கட்டிக் கொடுத்தார். அந்தத் தொட்டியை வீட்டுக்குக் கொண்டுபோய்க் காலி பண்ணிக் கழுவுவது என் வீட்டுக்காரரின் சோலி. கல்யாணம் ஆன இத்தனை வருஷத்தில் இப்ராம்சா ராவுத்தர் எனக்காகக் கழுவிய முதல் பாத்திரம் அது. வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு கழுவுவார். கழுவட்டும்.

சும்மா சொல்லக்கூடாது, வண்டி ஓட்டுவதில் மனிதர் கில்லாடி. நேற்று பூம்பாறை வளைவில் நிறுத்தச் சொன்னேன், நிறுத்தினார். படிப்படியாக இறங்கும் பூண்டுத் தோட்டங்களைப் பார்த்துக்கொண்டு டீ போட்டோம். கொஞ்ச தூரம் போய் மறுபடி நிறுத்தச் சொன்னேன், மறுபடி டீ. முப்பத்தோரு வருஷமாக ஊர்பட்ட ஜனத்துக்குப் பூம்பாறைக்கு வழி சொல்லியிருக்கிறேன், போனதில்லை. சீசன் என்றால் கடை, சீசன் இல்லையென்றால் கையில் காசில்லை. இங்கே ஏரிக்கரையில் தோட்டக்காரி சின்னத்தாயி அவள் இடத்தில் வண்டியை நிறுத்திக்கொள்ளச் சொன்னாள். வண்டிக்குள் வந்து கட்டிலைப் பார்த்தாள், அடுப்பைப் பார்த்தாள், சின்னக் கதவைத் திறந்ததும் அப்படியே நின்றாள். "அக்கா, ராத்திரி எந்திரிச்சா வெளியே போக வேணாமா?" என்றாள். "வேணாம்" என்றேன். எனக்கு அப்போது ராஜாத்தி மாதிரி இருந்தது, அதை ஏன் மறைக்கவேண்டும்?

மூன்றாவது டீ பாதி இருக்கும்போது பைக் சத்தம் கேட்டது. இத்ரீஸ். பின்னால் மருமகள் மஹ்ஜபின். கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகவில்லை. நான் நோயில் விழுந்த பிறகு கூலிக்கு ஆள் வைத்துப் பார்த்தோம், சரிவரவில்லை. இப்போது கடையில் என் ஸ்டூலில் அவள்தான் உட்காருகிறாள்.

"அம்மா, போன் போட்டா எடுக்க மாட்டீங்களா?" என்றான் இறங்கும்போதே.

"இங்க டவர் இல்லடா. என்ன விசயம்?"

விஷயம் இதுதான். என் வண்டியைப் படம் பிடித்து, வாடகைக்கு என்று செல்போனில் போட்டிருக்கிறான். பெங்களூர்க்காரர்கள் இரண்டு பேர் மூன்று நாளைக்கு எடுத்துவிட்டார்கள். மத்தியானம் மூன்று மணிக்கு வருகிறார்கள். சீசன் முடியும்வரை இனி வாராவாரம் ஆட்கள் வருவார்களாம். அவன் வண்டியை எடுத்துக்கொண்டு போவான், அவன் அத்தா பைக்கில் வருவார், பொம்பளைகள் இருவரும் அவனோடு வண்டியில் வரவேண்டும். எல்லாம் யோசித்துத்தான் வந்திருந்தான்.

"ஏங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"சும்மா நிக்கிற வண்டிதானம்மா. நாலு நாள் ஓடுனா ஒங்களுக்குத்தான நல்லது?"

"சும்மா நிக்கலடா. நான் அதுல இருக்கேன்."

இவர் தொண்டையைச் செருமினார். "அவன் சொல்றதுலயும் நியாயம் இருக்கு மதீனா. வாக்குக் குடுத்துட்டான். சாவியக் குடுத்துரு, அடுத்த மாசம் நாம..."

"அடுத்த மாசம்னு நீங்க சொன்னத எல்லாம் சேத்தா இன்னொரு ஆயுசு ஆகும்." சாவி என் முந்தானை முடிச்சில் இருந்தது. அதன் மேல் கையை வைத்துக்கொண்டேன். "அந்தப் பெங்களூர்க்காரங்கள ஹோட்டல்ல தங்கச் சொல்லு. ஊர் பூரா ஹோட்டல்தான் கெடக்கு."

இத்ரீஸ் மஹ்ஜபினைப் பார்த்தான். அவளை எதற்குக் கூட்டிவந்தான் என்று அப்போதுதான் புரிந்தது. அவள் கேட்டால் நான் தட்டமாட்டேன் என்று அவனுக்குத் தெரியும். "நீ சொல்லு மாமிகிட்ட" என்றான்.

அவள் வண்டியைப் பார்த்தாள். "மாமி, உள்ள போயிட்டு வரட்டா?" என்றாள், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி.

ஏறிப் போனாள். தாழ்ப்பாள் விழுந்தது. நாங்கள் மூன்று பேரும் வெளியே நின்றோம். நேரம் போனது. இத்ரீஸ் மணியைப் பார்த்தான். "வெரசா வா, போகணும்" என்று குரல் கொடுத்தான். "கூப்பிடாத" என்றேன். நான் போட்ட சத்தத்தில் சின்னத்தாயி தோட்டத்திலிருந்து நிமிர்ந்து பார்த்தாள்.

மஹ்ஜபின் முகம் கழுவிக்கொண்டு வந்து படியில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு டம்ளரில் டீ ஊற்றிக் கொடுத்தேன். வாங்கி உதட்டில் வைத்தாள்.

"குடிக்காத" என்றான் இத்ரீஸ். கோபமாக இல்லை, அக்கறையாகத்தான். "ஒன்றரை மணி நேரம் போகணும். நேரா கடைக்குத்தான். அப்புறம் அங்க கஷ்டப்படுவ."

அவள் டம்ளரை இறக்கினாள். "மச்சான், கடையில நான் எங்க போறேன்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

"லாட்ஜுக்குத்தான? அம்மா போற எடம்."

"ரம்ஜான் முடிஞ்சதுலருந்து அங்க சாவி தர்றதில்ல. தங்குறவங்களுக்கு மட்டும்தானாம்."

"பின்ன எங்க போற?"

"போறதில்ல" என்றாள்.

அவன் அவளைப் பார்த்துக்கொண்டே நின்றான். ரம்ஜான் முடிந்து எத்தனை நாள் என்று எண்ணியிருப்பான். எனக்கு எண்ணத் தேவையில்லை, என் முதுகுக்குத் தெரியும். அடுத்து வந்த நினைப்பில் வாயில் இருந்த டீ கசந்தது. கல்யாணமான மறுவாரம் கடையில் முதல் நாள் அவளை உட்காரவைத்து, "தண்ணியக் கொறச்சிக்க புள்ள, பழகிரும்" என்று சொன்னது யார்? நான்தான். பெரிய உபகாரம் செய்கிற மாதிரி சொன்னேன். பத்து நாள் மதுரையில் கிடந்து எழுந்தவள், எனக்கு மட்டும் ஒரு கதவு வாங்கிக்கொண்டு, அவளை அந்த ஸ்டூலில் விட்டுவிட்டு ஏரி ஏரியாக டீ குடித்துக்கொண்டிருக்கிறேன். வாட்ச்மேன் என்னைப் பார்த்த பார்வையைவிட இது என்ன உசத்தி?

"ஏன் புள்ள ஏங்கிட்டச் சொல்லல?"

"நீங்கதான் பழகிரும்னீங்க மாமி."

முடிச்சை அவிழ்த்துச் சாவியை எடுத்தேன். இத்ரீஸின் கை தன்னாலே நீண்டது. அதைத் தாண்டி இவர் கையில் வைத்தேன். "எடுங்க வண்டிய. மன்னவனூர் போவோம்."

"மூணு மணிக்கு அவங்க வர்றாங்கம்மா!"

"வரட்டும். மன்னிப்புக் கேளு. வாயிருக்குல்ல?" மஹ்ஜபினின் கையைப் பிடித்து முன்சீட்டில் ஏற்றினேன்.

"கடைய யாரும்மா பாக்குறது? சீசன்மா."

"நீ பாரு. அவ ஸ்டூலுல உக்காந்து பாரு. செவுத்துக்கும் போகக்கூடாது, மரத்தடிக்கும் போகக்கூடாது. ராத்திரி ஒம்போது மணி வரைக்கும். முடியலயா, அந்த லாட்ஜுக்காரன்கிட்ட நீ போய்ச் சாவி கேளு. குடுக்கலன்னா கடைக்குப் பின்னால தகரத்த அடிச்சு நீயே ஒண்ணு கட்டு. கட்டி முடிச்சிட்டுச் சொல்லு, நாங்க வர்றோம்."

"மஹ்ஜபின்..." என்றான். அவள் அவனைப் பார்த்தாள். கோபம் இல்லை, இறங்கவும் இல்லை. மிச்ச டீயை நிதானமாகக் குடித்து முடித்தாள். பக்கத்தில் இருந்த பாட்டிலைத் திறந்து அண்ணாந்து தண்ணீர் குடித்தாள். தொண்டை ஏறி இறங்கியதை நாங்கள் எல்லோருமே பார்த்தோம். என் வீட்டுக்காரர் ஏறி உட்கார்ந்து சாவியைப் போட்டார். ஸ்டார்ட் செய்தார்.

வண்டி ஏரிக்கரையிலிருந்து மேட்டில் ஏறியது. பக்கக் கண்ணாடியில் இத்ரீஸ் தெரிந்தான். பைக் பக்கத்தில் அப்படியே நின்றிருந்தான். அவனுடைய ஹெல்மெட் ஒரு கையிலும், அவளுடைய ஹெல்மெட் இன்னொரு கையிலும் தொங்கிக்கொண்டிருந்தன.