அசனக் கறியில் உப்பு

1
உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு அம்பாசமுத்திரம் பேருந்தில், பக்கத்து இருக்கைப் பெண் சிரித்துச் சிரித்துச் சொன்னதில் கிடைத்தது. ஊர் ஊராகப் போய் விசுவாசத்தைத் தட்டியெழுப்பும் எழுப்புதல் கூட்டங்கள் நடத்துபவரும், கிருபையைப் பற்றித் தலையணை கனத்தில் இறையியல் நூல் எழுதியவருமான ஜெபராணியின் வாழ்க்கையை எழுத நான் வெகுநாளாகத் திணறிக்கொண்டிருந்தேன். முதல் வரி: ‘தாமிரபரணிக் கரையில் ஒரு விடிகாலை, ஜெபராணி தேவனின் குரலை…’

(வேண்டாம். ஜெபராணியே புத்தகத்தை மூடிவிடுவார்.)

2
ஆகவே கறி அண்டாவிலிருந்து தொடங்குகிறேன்.

அண்ணன் தங்கையாவும் தம்பி டார்லினும் திருச்சபைத் தேர்தலில் எதிரெதிர் அணியில் நின்றார்கள். அதோடு பேச்சுவார்த்தை அற்றது. ஊரும் இரண்டாகப் பிரிந்தது. அவர்களைச் சேர்த்துவைக்கத்தான் ஜெபராணி மூன்று நாள் பிரசங்கித்தார். (உப்பைப் பற்றி என்று முதலில் எழுதினேன். அளவெடுத்துத் தைத்ததுபோல் இருந்தது, அடித்துவிட்டேன்.) கூட்டம் அழுதது, பாடியது. அண்ணனும் தம்பியும் மட்டும் அசையவில்லை. ஒரு வீட்டை எழுப்பத் துப்பில்லை, ஊரை எழுப்ப வந்துவிட்டோமே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது.

3
மறுநாள் அசனம். ஆலய வளாகத்தில் ஆட்டுக்கறி சமைத்து, சாதி மதம் பாராமல் ஊரே சேர்ந்து உட்கார்ந்து உண்ணும் விருந்து. கறி கிண்ட, அண்டாவின் இந்தப் பக்கம் தங்கையா, அந்தப் பக்கம் டார்லின். ஜெபராணி ருசி பார்த்தார். முழி பிதுங்கியது.

“உப்பு போட்டது யாரு?”

“நான்தான்” என்றார் தங்கையா. “அவனும் போட்டானான்னு கேளுங்கக்கா.”

“போட்டேன். அவரு போட்டாருன்னு எனக்கு யாரு சொன்னா?” என்றான் டார்லின்.

“ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா?” என்றார் ஜெபராணி.

“யாருகிட்ட?” என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

ஜெபராணிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. “மூணு நாளா தொண்டை கிழிய நான் சொன்னதை இந்தக் கறி ஒரே வாயில சொல்லிட்டுதே!” என்று தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஊரும் சிரித்தது.

“ஏலே டார்லின், என்ன பாத்துக்கிட்டு நிக்க? தேங்கா உரிலே, பாலெடுத்து ஊத்துவோம்!” என்று கத்தினார் தங்கையா.

சிரிப்பு சட்டென்று நின்றது. எல்லாரும் டார்லினைப் பார்த்தார்கள்.

“எத்தனை காய்ண்ணே?”

4
முடிவு ஒன்று: கட்டிப்பிடித்து அழுதார்கள். (எப்படி? கையெல்லாம் தேங்காய்ப்பால்.)

முடிவு இரண்டு: அடுத்த தேர்தலில் மறுபடி… (நடக்கலாம். இன்றைக்கு வேண்டாம்.)

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். முதல் பந்தியில் அண்ணனும் தம்பியும் ஒரே வரிசையில் உட்கார்ந்தார்கள், நடுவே ஓர் இலை காலி. சோற்று வாளியோடு வந்த ஜெபராணி அந்த இலையிலும் சோறு வைத்தார். அவருக்கு அவ்வளவு சந்தோஷம். அதற்குள் பேருந்து அம்பாசமுத்திரம் வந்துவிட்டது. கதை சொன்ன அந்தப் பெண்ணும் இறங்கிவிட்டாள்.

அண்ணன் நகர்வாரா, தம்பி நகர்வானா, நீங்களே சொல்லுங்கள். இல்லையென்றால் நீங்கள் உட்காருங்கள், சோறு ஆறுகிறது. கறி இன்னும் கொஞ்சம் கரிக்கத்தான் செய்யும். தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும்.